பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர்

என் இடது மணிக்கட்டில் நூல் சுற்றியதுபோல மூன்று கோடுகள் இருக்கின்றன. பார்ப்பவர்கள் "ஆசிட்டா?" என்று கேட்பார்கள். நான் தலையாட்டிவிடுவேன். ஓசூரில் முலாம் பூசும் கம்பெனியில் வேலை பார்ப்பவன் கையில் தழும்பு இருந்தால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. உண்மையில் அது கடலில் பட்டது. கடலுக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர்க்காரனை ஜெல்லி மீன் கடித்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். அதைச் சொல்ல இதுவரை எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் லைனில் வேலை இதுதான். வண்டிகளுக்குப் போகும் போல்ட், கிளாம்ப் மாதிரியான இரும்புச் சாமான்களை ஜிக் என்கிற கம்பிச் சட்டத்தில் மாட்டி, ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுப்போம். பிறகு துத்தநாகத் தொட்டியில் முக்கிப் பளபளப்பாக்கி அனுப்புவோம். ஆசிட் தெறிக்காத நாளே கிடையாது. அதனால் தொட்டிக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதியிருக்கும்: உடம்பில் எது பட்டாலும் உடனே பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் ஊற்று, முதலில் எரியும், நிறுத்தாதே.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்க, அந்த விதியைச் சத்தமாகப் படிக்க வேண்டியவன் நான். முதலுதவிக்காரன் என்று என் கையில் பச்சைப் பட்டை கட்டியிருந்தார்கள். டிப்ளமோ படித்தவன், தமிழும் இங்கிலீஷும் தடுமாறாமல் வாசிப்பவன் என்று கொடுத்த வேலை. எனக்கு அதில் பெருமை இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கிரானைட் யார்டில் கல் ஏற்றுபவர். அம்மா மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போவார், மற்ற மாதங்களில் கல்லாவிப் பக்கம் களையெடுப்பார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்தால் நமக்கு ஒரு கெடுதலும் வராது என்று நான் நம்பினேன். வேறு எதை நம்புவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசருக்கு அந்தப் பெருமையைக் கண்டால் ஆகாது. ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் எல்லோரையும் "குரு" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களைக் கூப்பிடும்போது அது செல்லமாக இருக்கும். என்னைக் கூப்பிடும்போது அப்படி இருக்காது. சர்ச்சில் வைத்த என் பேரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பதினஞ்சு நிமிஷம்" என்பார். "ஏய் பதினஞ்சு நிமிஷம், அந்த ஜிக்க எட்றா." லைனே சிரிக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டார், "ஊத்தங்கரைப் பக்கமா? உங்க ஊர்ல ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நான் பஸ் நிறுத்தத்தைச் சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ட்ரெய்னிங் இரண்டு வருடம். அது முடிந்தால் ஒன்று பெர்மனன்ட், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே. எதுவென்று தீர்மானிப்பது ஒரு தாள். அதில் லைன் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். என் இரண்டு வருடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது எங்கள் லைனுக்குப் பரிசு கிடைத்தது. வருடம் முழுவதும் விபத்தே இல்லாத லைன் என்று பரிசு. எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப் போனார்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் நாற்பது பேர் ஆடிப் பாடிக்கொண்டு போனோம். நான் ஜன்னலோரம் இருந்தேன். வாலாஜா தாண்டும்போது சூப்பர்வைசர் என் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"உன் பேப்பர் என் பேக்லதான் கீது குரு. நாளைக்கு நீ எப்படி துடுப்பு போடறன்னு பாத்துட்டு கையெழுத்து போடறேன்."

"விளையாடாதீங்க சார்."

"யாரு விளையாடறது? கம்பெனி வேலைய பாக்கும், நான் ஆள பாக்கறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை கடற்கரையில் வரிசையாகக் கயாக்குகள். மஞ்சள் பிளாஸ்டிக் படகுகள், ஒன்றில் இரண்டு பேர் உட்காரலாம். எச்.ஆர். மேடம் கையில் லிஸ்ட் வைத்திருந்தார். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே படகில் போனால் நட்பு வளரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சூப்பர்வைசர் முன்னால், நான் பின்னால்.

கயாக் விடுபவர் நாற்பது வயதுக்காரர், முன்பு மீன்பிடிக்கப் போனவர். எல்லோருக்கும் மிதக்கவைக்கும் ரப்பர் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னார், "இன்னிக்கு தண்ணில சொறி வந்துகீது சார். ஜெல்லி மீனு. கைய கால உள்ள உடாதீங்க, சாஞ்சி பாக்காதீங்க. பட்டா சும்மா நெருப்பு மாதிரி இருக்கும்."

"அப்ப எதுக்கு எங்கள எறக்கறே?" என்றார் சூப்பர்வைசர்.

"படகுல ஒக்காந்தா ஒண்ணும் பண்ணாது சார். நாம போயி தொட்டாதான்."

அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் துடுப்புப் போட்டோம். அதற்கப்புறம் தண்ணீர் அடங்கியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் நீந்தக் கற்றவன் நான். கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் கண்ணைக் குத்தியது. முன்னால் அவருடைய முதுகு.

அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். நான் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"கேக்கணும்னு இருந்தேன்," என்றார் திரும்பாமல். "சர்ச்சு பேரு வெச்சிக்கினா பக்கம் மாறிடுமா குரு?"

நான் துடுப்பை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினேன்.

"கோவமா? சும்மா கேட்டேம்பா. இங்க யாரு இருக்கா? நீயும் நானும் கடலும்."

"அதான் சார் கேக்கறீங்க. யாரும் இல்லன்னுதான் கேக்கறீங்க."

அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்று நினைக்கிறேன். அப்போதுதான் அவை வந்தன.

முதலில் ஒன்றுதான். பாலித்தீன் கவர் என்று நினைத்தேன். எங்கள் கம்பெனிக்குச் சாமான் சுற்றி வரும் கவர் அப்படித்தான் இருக்கும், அரைக் கண்ணாடி மாதிரி. பிறகு அது சுருங்கி விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே பத்து, அதற்கும் கீழே எண்ண முடியாமல். மேல்பக்கம் நுங்குச் சுளை போலப் பளபளவென்று, அடியில் பழைய துணி கிழிந்து தொங்குவதுபோல இழை இழையாக. அவற்றுக்குக் கண் இல்லை, வாய் இருந்த இடமும் தெரியவில்லை. எங்கள் மேல் அவற்றுக்கு எந்தக் கோபமும் இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. படகைச் சுற்றித் தண்ணீரே கெட்டியானதுபோல நின்றன.

"அய்ய, இதுவா?" என்று சூப்பர்வைசர் துடுப்பால் ஒன்றைத் தூக்கினார்.

"வேணாங்க சார். தொட வேணாம்னு சொன்னாரு."

"சொன்னாரு, சொன்னாரு. நீ எவன் என்ன சொன்னாலும் சுவத்துல எழுதி ஒட்டிடுவே." துடுப்பில் கிடந்ததை அப்படியே தலைக்குமேல் தூக்கிப் பின்னால் ஆட்டினார். அதிலிருந்து வழிந்த இழை ஒன்று என் இடது மணிக்கட்டில் விழுந்தது.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சுற்றி இறுக்கியதுபோல இருந்தது. நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். இன்னொன்றை எடுக்க வலது பக்கம் நன்றாகச் சாய்ந்தார். அவர் கனமான ஆள். படகு ஒரே புரட்டாகப் புரண்டது.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. ரப்பர் சட்டை என்னை மேலே தூக்கியது. நான் கவிழ்ந்த படகின் மேல் வயிற்றைப் போட்டு ஏறிக்கொண்டேன். என் உடம்பில் வேறெங்கும் படவில்லை. அவர் நேராக அந்தக் கூட்டத்துக்குள் விழுந்திருந்தார். அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தார். தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டார். அதுவரை நான் அவர் குரலில் கேட்டிராத ஒரு சத்தம்.

என் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லியாக வேண்டும். கையை நீட்டத்தான் செய்தேன்.

கயாக் விடுபவர் விசிலடித்துக்கொண்டு வந்து எங்களை இழுத்துக் கரையில் விட்டார். விட்டதும் மற்ற படகுகளைத் திருப்பப் போய்விட்டார். எச்.ஆர். மேடம் தூரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டல் பக்கம் ஓடினார். மணலில் சூப்பர்வைசரும் நானும்தான். கொஞ்சம் தள்ளி மீன் கூடையோடு ஒரு அம்மா.

சூப்பர்வைசருடைய இரண்டு தொடையிலும், வலது கையிலும் சாட்டையால் அடித்ததுபோலச் சிவப்புக் கோடுகள். இழைகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. எங்களுக்குப் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே குடிதண்ணீர்க் கேன்கள் இருந்தன. எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. உடம்பில் எது பட்டாலும் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர். ஒரு கேனை உருட்டிக்கொண்டு வந்து, மூடியைப் பிடுங்கி, மக்கில் பிடித்தேன்.

முதல் மக்கை என் கையில்தான் ஊற்றிக்கொண்டேன்.

எரிச்சல் குப்பென்று ஏறியது. முன்பு மணிக்கட்டோடு இருந்தது முழங்கைவரை போனது. முதலில் எரியும், நிறுத்தாதே என்றுதான் நானே வாராவாரம் படிக்கிறேன். ஆனால் என் கைக்கு நான் நிறுத்திவிட்டேன். இரண்டாவது மக்கிலிருந்து அவருக்கு ஊற்றினேன்.

அவர் துள்ளினார். "வேணாம்டா! எரியுதுடா, வேணாம்!"

"மொதல்ல எரியும் சார். நிறுத்தக்கூடாது." திங்கட்கிழமைக் குரலிலேயே சொன்னேன். வாட்சைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் பதினொன்று.

மீன்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வரும்போதே கத்தினார், "ஏம்ப்பா, நல்ல தண்ணி ஊத்தாதே! நல்ல தண்ணி பட்டா இன்னும் வெசம் எறங்கும்! கடத்தண்ணி மொண்டு ஊத்து!"

எனக்கு அது கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. என் கை அதற்கு முன்பே என்னிடம் அதைத்தான் சொல்லியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மக்குகள் ஊற்றினேன். அவசரப்படவில்லை. தொடையில் ஒன்று, அடுத்த தொடையில் ஒன்று, கையில் ஒன்று. மூன்றாவது மக்கு காலியாகும்போது அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். மக்கு மணலில் விழுந்து உருண்டது.

"படிச்ச புள்ளையாட்டம் கீறே, சொன்னா காது கேக்காதா?" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் அவரே செய்தார். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினார், ஒட்டியிருந்த இழைகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தார், டீக்கடையிலிருந்து சூடு பொறுக்கிற அளவில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லித் துணியை நனைத்துப் போட்டார். என் மணிக்கட்டுக்கும் ஒரு துணி சுற்றினார். சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அந்தப் பார்வை என் மணிக்கட்டு எரிச்சலைவிடப் பலமாக இருந்தது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் யாரும் பாடவில்லை. விபத்தே இல்லாத லைன் பரிசு வாங்கப் போன இடத்தில் விபத்து.

மூன்றாம் நாள் விசாரணை. சின்ன ஏ.சி. அறை. சேஃப்டி ஆபீசர், எச்.ஆர். மேடம், காலை நீட்டி உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர், நான். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று விபத்து ரிப்போர்ட். மற்றது என்னுடைய தாள், கையெழுத்து இடம் காலியாக. அதைத் தலைகீழாகவே என்னால் படிக்க முடிந்தது.

சூப்பர்வைசர் என்னைக் காட்டினார். "கரைல ஒரு அம்மா வேணாம் வேணாம்னு கத்திச்சி சார். இவனுக்குக் கேட்டுச்சி. கேட்டும் வேணும்னே ஊத்துனான்."

சேஃப்டி ஆபீசர் வயதானவர், எங்கள் சுவரில் இருக்கும் விதியை எழுதியவர். "நம்ம ட்ரெய்னிங்ல என்ன சொல்லிக் குடுத்தோமோ அத பையன் செஞ்சிருக்கான். தப்பு எப்படி சொல்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்னது உனக்குக் கேட்டுச்சாப்பா?"

கல் சுமந்து காய்த்துப்போன அப்பாவின் தோள்பட்டை நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. அந்தக் காலி இடம்தான் கண்ணில் இருந்தது.

"இல்லைங்க சார். சார் கத்திக்கிட்டு இருந்தாரு. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சேஃப்டி ஆபீசர் அடுத்ததைக் கேட்டார். "சரி, படகு எப்படிக் கவுந்துச்சு? சாயக்கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்புனாங்க?"

கேள்வி என்னிடம் வந்தது. சூப்பர்வைசரின் வாய் திறந்தபடியே நின்றது. சொன்ன எச்சரிக்கையை மீறியவர் சூப்பர்வைசர் என்று தாளில் ஏறினால் அவருக்கு அந்த லைன் இருக்காது. அவர் பதினெட்டு வருடம் அங்கே இருக்கிறவர். நான் அவரைப் பார்த்தேன். அவசரப்படவில்லை, மணலில் ஊற்றியபோது போலத்தான்.

"அலைங்க சார்," என்றேன். "திடீர்னு ஒரு அலை."

"அப்படித்தானா?" என்று ஆபீசர் அவரைக் கேட்டார்.

சூப்பர்வைசர் மேஜையில் இருந்த என் தாளைப் பார்த்தார்.

"அலைதான்," என்றார் சூப்பர்வைசர். "கத்துன கத்துல எனக்கே ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல சார்."

அன்று மதியம் கேன்டீனுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். என் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்தியதில் கடைசி எழுத்தில் தாள் கிழிந்தது. கொடுக்கும்போது விடவில்லை. ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்திருந்தோம்.

"அந்த வலியிலயும் எனக்குக் கேட்டுச்சி குரு," என்றார். "எனக்கே கேட்டுச்சி."

"எனக்கு பேரு இருக்குது சார்," என்றேன்.

தாளை விட்டார். பேரைச் சொல்லவில்லை.

அப்பாவிடம் பெர்மனன்ட் ஆகிவிட்டது என்று போனில் சொன்னேன். அவர் யார்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். எதற்கு ஏற்றுகிறோம் என்று அம்மாவுக்கு முழுதாகத் தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "இந்த ஆசிட்டு வேலைதான் பயமா இருக்குது," என்பார். இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சூப்பர்வைசருக்காக இல்லை. நான் நம்பிய ஒரே பொருளை அன்று கையில் கம்பு மாதிரி எடுத்துக்கொண்டேன். சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவன் என்ற பெருமையை வைத்துத்தான் அவரை அடித்தேன். அதன் பிறகு அந்த விதியைப் படிக்கும்போது என் குரல் முன்புபோல் வருவதில்லை.

சேஃப்டி ஆபீசர் ஒழுங்கான மனிதர். அடுத்த மாதமே விதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதவைத்தார்: கடலில் சொறி கடித்தால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, கடல் தண்ணீரே ஊற்றவும். ஓசூர் தொழிற்பேட்டையில், ஆசிட் தொட்டிக்கு எதிரே, சிவப்பு எழுத்தில். புதிதாக வரும் ட்ரெய்னிகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "இங்க கடல் எங்கண்ணா இருக்குது?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

பச்சைப் பட்டை இன்னும் என் கையில்தான். திங்கட்கிழமை வட்டத்தில் நின்று முழு விதியையும் படிக்கிறேன். சூப்பர்வைசர் எனக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தொடையில் தழும்பு இருக்கும், பேன்ட்டுக்குள் தெரியாது. கடைசி வரியில் என் குரல் தானாகவே தணியும். ஒவ்வொரு வாரமும் அவர் அதற்காகவே காத்திருப்பார்.

"சத்தமா படி குரு," என்பார். "கேக்கல."

நான் இன்னொரு தடவை படிப்பேன்.